குடும்ப வாட்ஸ்அப்பில் வாதாடுவது எப்படி? நியூட்ரினோவையும் தொகுதி மறுவரையறையையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பக் குழுவில் மாமா ஒருவர் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். தேனியில் நியூட்ரினோ ஆலை வருகிறது, கதிர்வீச்சில் ஊரே அழியும், வெடிச் சத்தத்தில் அணைகள் விரிசல் விடும், புலிகள் சாகும், எல்லாம் அமெரிக்காவுக்காக, பத்துப் பேருக்குப் பகிரவும். (நியூட்ரினோ என்பது அணுவைவிடச் சிறிய ஒரு துகள்.) நான் இயற்பியல் படித்தவன் என்ற மிதப்பில் ஐந்தே நிமிடத்தில் பதில் அடித்தேன்: "நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது மாமா. சும்மா பீதியைக் கிளப்பாதீங்க."

மாமா கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "சரிப்பா. மலையை வெடி வச்சுத்தானே குடைவாங்க? அதுக்கு என்ன சொல்ற?"

என்னிடம் பதில் இல்லை. அத்தை ஒருவர் கைகூப்பும் படத்தைப் போட்டுப் பேச்சை முடித்து வைத்தார். நான் எழுதியது சரிதான். ஆனால் மாமா போட்ட செய்தியில் இருந்த நாலு விஷயங்களில் ஒன்றுக்குத்தான் அது பதில். அன்றிலிருந்து நான் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் முடிச்சை அவிழ்த்துப் போடுங்கள்

பரபரப்பாக ஓடும் எந்தச் செய்தியும் ஒற்றை வாதமாக இருக்காது. நாலைந்தைச் சேர்த்துக் கட்டிய கட்டாக இருக்கும். கட்டில் ஒன்று பொய்யென்று தெரிந்ததும் மொத்தத்தையும் தூக்கி எறியத் தோன்றும். ஒன்று உண்மையென்று தெரிந்தால் மொத்தத்தையும் நம்பத் தோன்றும். இரண்டுமே தப்பு.

ஒரு தாளை எடுத்து, செய்தியில் உள்ளவற்றைத் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். மாமாவின் செய்தி இப்படிப் பிரியும்: நியூட்ரினோ உடலுக்குக் கேடு. சுரங்கம் தோண்ட வைக்கும் வெடி அணைகளைப் பாதிக்கும். காட்டுக்கும் புலிக்கும் ஆபத்து. யாரோ வெளிநாட்டுக்காரர் லாபத்துக்காகச் செய்கிறார்கள்.

எழுதும்போது பெயரடைகளைக் கழற்றிவிடுங்கள். "கொடூர நியூட்ரினோ ஆலை" என்பது "நியூட்ரினோ ஆய்வகம்" ஆகட்டும். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும், உங்கள் கோபத்தையும் சேர்த்து.

2. ஒவ்வொன்றும் எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் வாக்கியம் அறிவியல் கேள்வி. இதற்குப் பதில் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தை ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் கடந்து போகின்றன. பகலில் மேலிருந்து, இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து. எதோடும் சட்டென்று மோதாததுதான் அவற்றின் குணம். அதனால்தான் அவற்றைப் பிடிப்பது அத்தனை கஷ்டம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலையில் திட்டமிட்டது, அவற்றைத் தயாரிக்கும் ஆலை அல்ல. காற்று மண்டலத்தில் இயற்கையாகவே உண்டாகும் நியூட்ரினோக்களைக் கவனிக்க, காந்தமூட்டிய சுமார் 50,000 டன் இரும்பைக் கொண்டு அமைக்கும் ஒரு கருவி. மலைக்கு அடியில் வைப்பது நம்மைக் காப்பாற்ற அல்ல, கருவியைக் காப்பாற்ற. விண்ணிலிருந்து கொட்டும் மற்ற துகள்களை வடிகட்ட, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறையாவது வேண்டும்.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் நடந்த சோதனையில்தான் காற்று மண்டல நியூட்ரினோக்கள் உலகிலேயே முதலில் தென்பட்ட பதிவுகளில் ஒன்று கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி ஏறிய சுரங்கம் அது. தேனிக்காரர்களிடம் பேசப் போனவர்கள் இந்தக் கதையிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இரண்டாவது வாக்கியம் பொறியியல் கணிப்பு. ஒரு தடவைக்கு எவ்வளவு வெடிமருந்து, அணை எவ்வளவு தூரத்தில், நடுவில் உள்ள பாறை எப்படிப்பட்டது, அதிர்வு எவ்வளவு எட்டும் என்பதைப் பொறுத்தது பதில். "நியூட்ரினோ சாது" என்பது இதற்குப் பதிலே ஆகாது. "அணை உடையும்" என்பதும் ஆகாது. கணக்கைக் காட்டு என்று இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டிய இடம் இது. நான் மாமாவிடம் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

மூன்றாவது, சூழலியலும் சட்டமும் சேர்ந்த கேள்வி. இந்தத் திட்டத்தை முதலில் நீலகிரியில் சிங்காரா பகுதியில் வைப்பதாகத்தான் இருந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி வருவதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அங்கே மறுத்தது. பொட்டிப்புரத்துக்கு வந்த பிறகு, மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டமாக ஒப்புதல் தந்தது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் மத்திக்கெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இதையெல்லாம் வைத்து 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாகக் கருதி மறுபடி அனுமதி கொடுத்தது. வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் பாக்கி நின்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில், இது மத்திக்கெட்டான், பெரியாறு இடையே புலிகள் நடமாடும் வழித்தடம், இங்கே இந்தத் திட்டம் வேண்டாம் என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டது.

கவனியுங்கள், இத்தனை வருட வழக்கில் திட்டத்துக்குக் குறுக்கே நின்றது கதிர்வீச்சு அல்ல. மலை, காடு, புலி, அனுமதி. ஆனால் எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய செய்திகளில் பாதி கதிர்வீச்சைப் பற்றித்தான். எதிர்த்தவர்களில் பலர் தங்கள் கையில் இருந்த நல்ல சீட்டை மறைத்து வைத்து மோசமான சீட்டைப் போட்டார்கள். ஆதரித்த என்னைப் போன்றவர்களோ அந்த மோசமான சீட்டை மட்டும் வெட்டிவிட்டு ஆட்டம் முடிந்தது என்று நினைத்தோம்.

நாலாவது வாக்கியம், அதாவது "யாருக்காகச் செய்கிறார்கள்" என்பது நோக்கத்தைப் பற்றியது. கையில் ஆவணம் இருந்தால் ஒழிய இதைத் தொடவே தொடாதீர்கள். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விடிய விடிய ஓடும்.

இவை தவிர ஐந்தாவதாக ஒரு வகை உண்டு, அது விருப்பத் தேர்வு. எல்லாக் கணக்கும் சரியாகவே இருந்தாலும் "ஒரு மலையைக் குடைந்துதான் இந்த அறிவு வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கலாம். அது அறியாமை இல்லை. ஆதாரத்தை அள்ளிக் கொட்டி அதை வெல்ல முடியாது. எதை விட எது பெரிது என்று இருவரும் பேசித்தான் தீர வேண்டும்.

3. மூலத்துக்குப் போங்கள்

செய்தியைப் பற்றிய செய்தியைப் படிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

சட்டத் திருத்தம், அறிவிக்கை என்றால் அரசிதழ். மத்திய அரசு எதையாவது "ஒப்புக்கொண்டது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது மக்களவையிலோ மாநிலங்களவையிலோ ஒரு கேள்விக்கு அமைச்சர் தந்த எழுத்துப்பூர்வ பதிலாக இருக்கும். நாடாளுமன்றத்தின் தளத்தில் தேதி வாரியாகத் தேடலாம். தலைப்பில் "ஒப்புக்கொண்டது" என்றிருப்பது பதிலில் "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் இருக்கும், பல தடவை பார்த்துவிட்டேன். சுற்றுச்சூழல் அனுமதிக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளம். மாநிலங்களை ஒப்பிடும் பொருளாதாரக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேடு. தீர்ப்பு என்றால் தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கங்களையாவது படியுங்கள். விசாரணையில் நீதிபதி போகிற போக்கில் கேட்ட கேள்வியை "நீதிமன்றம் அதிரடி" என்று போடுவது நம் ஊரில் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

எங்கும் கிடைக்கவில்லையா? மத்திய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் குழுவில் வேறு சண்டை வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

படமோ வீடியோவோ வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய வெள்ளத்தைப் புது வெள்ளமாகக் காட்டும் வேலை இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும்.

4. எண் வந்தால் இரண்டு கேள்வி: எண்ணிக்கையா, பங்கா? எதை மாறாமல் வைத்தார்கள்?

தொகுதி மறுவரையறையை, அதாவது மக்களவை இடங்களை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்கு மறுபடி பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். "தமிழ்நாட்டுக்கு ஏழு சீட் போய்விடும்" என்று ஒருவர். "ஒரு சீட்கூடக் குறையாது" என்று இன்னொருவர். "அதிகமாகத்தான் ஆகும்" என்று மூன்றாமவர். மூவரும் அடித்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரே கணக்கிலிருந்து மூன்று விடையும் வரும். நீங்களே கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா 121 கோடி. தமிழ்நாடு 7.21 கோடி. பங்கு ஏறக்குறைய 5.96 சதவீதம். மக்களவையில் இப்போது 543 இடங்களில் நமக்கு 39, அதாவது 7.18 சதவீதம். இந்த இடைவெளிக்குக் காரணம், இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி நிற்பது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் அதை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் அதற்காகத் தண்டனை பெறக் கூடாது என்பதுதான் காரணம்.

இப்போது கணக்கு. மொத்தம் 543 என்பதை மாற்றாமல் 2011 மக்கள்தொகைப்படி பிரித்தால், 543இல் 5.96 சதவீதம் என்பது 32. ஏழு போய்விட்டது. முதலாமவர் சரி.

தமிழ்நாட்டின் 39ஐக் குறைக்காமல் மக்கள்தொகைப்படியே பிரிக்க வேண்டுமென்றால், மொத்தத்தைச் சுமார் 655 ஆக்க வேண்டும். ஒரு சீட்டும் குறையவில்லை. இரண்டாமவரும் சரி.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 பேர் உட்கார இடம் இருக்கிறது. அத்தனையும் நிரப்புவதாக வைத்துக்கொண்டால் நமக்கு 53. பதினான்கு அதிகம்! மூன்றாமவரும் சரி.

ஆனால் உத்தரப் பிரதேசத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 2011இல் அங்கே 19.98 கோடிப் பேர், நாட்டில் 16.5 சதவீதம். 888இல் அது 147 ஆகும். இப்போது 80. நமக்கும் அவர்களுக்கும் இடையே இன்று 41 இடம் வித்தியாசம். 888இல் 94. நமக்குப் பதினான்கு கூடியும், மூன்று கணக்கிலும் நம் பங்கு 7.18இலிருந்து ஆறுக்கு வந்து நிற்கிறது. அவையில் வாக்கெடுப்பை முடிவு செய்வது பங்குதான்.

(சிறிய மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாவது தர வேண்டும் என்பதால் இந்த விடைகள் ஒன்றிரண்டு முன்பின் ஆகும். புதிய கணக்கெடுப்பு வரும்போது சதவீதமே மாறும். இது தோராயக் கணக்கு என்று நீங்கள் போடும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்ப்பார்.)

ஆக, இனி யாராவது "சீட் குறையாது" என்றால், "பங்கு குறையுமா அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும். இதே சோதனையை வரிப் பகிர்வுக்கும், கடன் தொகைக்கும், குற்றக் கணக்குக்கும் போடலாம்.

5. அறிவியல் செய்தி என்றால் கொஞ்சம் ஆறவிடுங்கள்

2011 செப்டம்பரில் ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோவுக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக அறிவிப்பு வந்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று நம் பத்திரிகைகளும் எழுதின. அறிவித்த குழுவோ "எங்கள் பிழை எங்கே என்று கண்டுபிடியுங்கள்" என்றுதான் கேட்டிருந்தது. அடுத்த வருடம் பிழை கிடைத்தது. முக்கியக் காரணம், சரியாகச் செருகாத ஒரு ஒளியிழைக் கம்பி.

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது. சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத பொருள் என்றார்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. ஒரு மாதத்துக்குள் கதை முடிந்தது. தாமிர சல்பைடு கலந்திருந்ததுதான் அந்த மாயத்தின் பெரும்பகுதி.

அதனால் கேட்க வேண்டியது மூன்று: சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான கட்டுரையா, முன்வரைவா? வேறொரு குழு செய்து பார்த்ததா? சோதித்தது மனிதரிடமா, எலியிடமா? மூன்றாவது கேள்விக்கே பாதிப் புற்றுநோய் மருந்துகள் உதிர்ந்துவிடும்.

ஆறவிடாமல் அனுப்புவதற்கு விலையும் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது சமூக ஊடக வதந்தியால் பல பெற்றோர் பின்வாங்கினார்கள். முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டி வந்தது.

6. எதிர்த் தரப்பின் சிறந்த வாதத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்

மறுவரையறையில் நான் தமிழ்நாட்டின் பக்கம். ஆனாலும் லக்னோவில் இருக்கும் ஒருவர் என்னிடம் என்ன கேட்பார்? "எங்கள் ஊரில் ஒரு எம்.பி. 25 லட்சம் பேருக்கு. உங்கள் ஊரில் 18.5 லட்சம் பேருக்கு. என் ஓட்டு ஏன் உன் ஓட்டைவிட மலிவு?" நியாயமான கேள்வி. "வடக்கன்" என்று திட்டுவது இதற்குப் பதில் இல்லை. மாநிலங்கள் சேர்ந்ததுதான் ஒன்றியம், மக்கள்தொகை மட்டுமே அளவுகோல் ஆனால் கூட்டாட்சியின் சமநிலை போய்விடும், நாட்டின் கொள்கையைக் கேட்டு நடந்தவருக்கே நஷ்டம் வரும் என்பது என் பதில். அது அவருக்குப் போதாமல் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலாவது அது.

இந்தப் படியைச் செய்ய முடியவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பேசாமல் இருங்கள்.

7. பதிலை எழுதும் முறை

ஐந்தாறு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். ஒப்புக்கொள்வதை முதலில் சொல்லுங்கள், மறுப்பதை ஒன்றே ஒன்றாக வையுங்கள், ஆதாரத்தின் பெயரையும் தேதியையும் போடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று விடுங்கள். மாமாவுக்கு இன்று எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மாமா, புலி வழித்தடம் பற்றி நீங்க போட்டது சரி. தமிழ்நாடு அரசே 2022ல உச்ச நீதிமன்றத்துல அதைத்தான் சொல்லியிருக்கு. வெடி வைக்கிறதால அணைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியல, அதிர்வுக் கணக்கு கிடைச்சா போடறேன். கதிர்வீச்சு மட்டும் தப்பு மாமா. அது சூரியன்ல இருந்து தினமும் நம்மளைத் தாண்டிப் போறதுதான், அங்க எதையும் தயாரிக்கல. அந்த ஒரு வரியை எடுத்துட்டா உங்க செய்தி இன்னும் பலமா இருக்கும்."

கடைசி வரியைப் பாருங்கள். அவருக்குத் தோற்ற உணர்வு வராது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இது ரொம்ப முக்கியம். தம்பி, தங்கை முன்னால் மாமாவை மடக்கிவிட்டு "உண்மைதானே சொன்னேன்" என்றால், அடுத்த பொங்கலுக்கு நீங்கள்தான் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். ரொம்ப முரட்டுத்தனமான தவறு என்றால் தனியாக அழைத்துப் பேசுங்கள். அவரே குழுவில் திருத்திக்கொள்வார், பாதி நேரம்.

பொய்ச் செய்தியை மறுக்கும்போது அதே படத்தை முழுசாக மறுபடி போடாதீர்கள். மறுப்பு பின்தங்கும், படம் மட்டும் வேறு குழுவுக்குப் போய்விடும். 2016இல் 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று ஓடிய கதையை, பொய் என்று சொல்லித் திருப்பி அனுப்பியே பலர் பரப்பினார்கள். நானும் ஒருவன்.

8. தப்பு செய்தால்

எங்கே சொன்னீர்களோ அங்கேயே திருத்துங்கள். சத்தமில்லாமல் அழிப்பது வேண்டாம், யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார். "நேற்று 2015 என்றேன், 2017 என்பதே சரி" என்று ஒரு வரி போதும். விளக்கமோ சமாளிப்போ தேவையில்லை.

9. எப்போது எழுந்து வருவது

ஒரே பதிலை மூன்றாவது முறை எழுதும்போது. பேச்சு விஷயத்தை விட்டு உங்கள் சாதி, மதம், அப்பாவின் கட்சி என்று திரும்பும்போது. ராத்திரி பதினொன்றுக்கு மேல்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாது என்றுவிட்டதால் எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிவினரிடையே பகை மூட்டுவதற்கும் பீதி பரப்புவதற்கும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353 என்று பிரிவுகள் இருக்கின்றன. வந்ததைப் பகிர்ந்தது மட்டும்தான் என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள்.

மாமா இப்போதும் செய்தி போடுகிறார். போன மாதம் ஒன்றை அனுப்பி, அடியில் "இதுல எது நிஜம்னு பார்த்துச் சொல்லு" என்று எழுதியிருந்தார். ஏழு விஷயங்கள் இருந்தன. மூன்றுக்குத்தான் இதுவரை பதில் கண்டுபிடித்திருக்கிறேன்.